பக்கத்து வீட்டு ஆஸ்பத்திரி

“தம்பி, இனி ஒண்டுக்கும் பயமில்லை. பக்கத்து வீட்டில ஆஸ்பத்திரி திறந்திட்டாங்கள்.”

காலை ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருந்த பாலேந்திரா, வாயில் வைத்த பாண் துண்டை விழுங்க மறந்து நின்றார். சொன்னவர் அவருடைய மனைவியின் தமக்கை கனகாம்பிகை. முன்கூடத்து ஜன்னல் திரையை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, கோயிலில் திரை விலகக் கண்டவர் மாதிரி நின்றிருந்தார்.

“எந்தப் பக்கத்து வீட்டிலயக்கா?”

“இந்தா, இந்த வெள்ளைக்கார ஐயாவின்ர வீட்டிலதான். கொடி பறக்குது பாருங்கோவன்.”

பாலேந்திரா எட்டிப் பார்த்தார். மிஸ்டர் ஹொலிஸின் வீட்டு முன் ஜன்னலில், நிலம் துடைக்கும் தடி ஒன்றில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அதன் நடுவே பெரிதாய் ஒரு சிவப்புச் சிலுவை.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூன் மாதம். வெம்பிளியில் ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் பந்தடி நடக்க இருந்தது. பாலேந்திரா வேலை செய்த பெற்றோல் செற்றுக்கு வரும் கார்களில் ஒன்றிரண்டு இதே கொடியைச் செருகிக்கொண்டு வரத் தொடங்கியிருந்தன. அது இங்கிலாந்துக் கொடி, ஆஸ்பத்திரிக் கொடி அல்ல என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

பின்னால் வந்து நின்ற அவருடைய மனைவி சிவனேஸ்வரி முழங்கையில் ஒரு நுள்ளு நுள்ளினாள்.

“ஓமோம் அக்கா, ஆஸ்பத்திரிதான்” என்றாள்.

வாசலில் வைத்துப் பாலேந்திரா கேட்டார். “உமக்கென்ன விசரே? அந்த மனுசன்ர வீடு ஆஸ்பத்திரியோ?”

“இஞ்சாருங்கோ, நேற்றுப் பின்னேரம் அந்தக் கொடியைக் கண்டிட்டு ராத்திரி அக்கா எங்க படுத்தவ எண்டு தெரியுமே? கட்டில்ல. விளங்குதே? கட்டில்ல!”

பாலேந்திராவுக்கு விளங்கியது. கனகாம்பிகை அக்கா லண்டனில் இந்தத் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து கட்டிலில் படுத்ததில்லை. மாடிப்படிக்குக் கீழே காஸ் மீற்றர் இருக்கும் பொந்துக்குள், குடைகளுக்கும் வாக்குவம் கிளீனருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடப்பார். லண்டன் வானத்தில் விமானத்துக்கா பஞ்சம்? ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே போய்விடுவார். அது ஆட்கள் போகிற விமானம் அக்கா, குண்டு போடாது என்று ஆயிரம் தரம் சொல்லியாகிவிட்டது. “அதை ஓட்டுறவனுக்கும் அது தெரியோணுமே, தம்பி” என்பார்.

யாழ்ப்பாணத்தில் கடைசி வருடங்களை அவர் பெரியாஸ்பத்திரி மதிலோடு ஒட்டிய ஓர் அறையில் கழித்தவர். ஆஸ்பத்திரிக் கூரையில் சிவப்புச் சிலுவை வரைந்திருந்தது. அந்தச் சுற்றாடலில் குண்டு போடக்கூடாது என்று செஞ்சிலுவைக்காரர் பேசி வைத்திருந்தார்கள். பொம்மர் வந்தால் சனம் அந்தச் சிலுவையைப் பார்த்துத்தான் ஓடும். பிறகு தொண்ணூற்றைந்தில் ஆமி நெருங்கி வர ஊரே எழும்பி நடந்தபோது அக்காவும் நடந்தார். அந்த நடையில் வலது காலில் வந்த புண் இன்னும் ஆறவில்லை. காலை உயர்த்தி வைத்திருக்கச் சொல்லி இங்கத்தைய டொக்டரும் சொன்னார். பொந்துக்குள் கிடப்பவர் காலை எங்கே உயர்த்துவது?

“அவ நித்திரை கொண்டிட்டா. இனி அது கொடியோ கோவணமோ எனக்குக் கவலையில்லை” என்றாள் சிவனேஸ்வரி. “நீங்கள் வாய் திறந்தியளெண்டால் பாருங்கோ.”

பாலேந்திரா வாயை மூடிக்கொண்டார். அக்காமேல் அவருக்கு உண்மையாகவே இரக்கம். தான் பத்து வருடத்துக்கு முன்னரே தப்பி வந்துவிட்டதும், அந்த மனுசி அங்கேயே கிடந்து எல்லாம் பட்டதும் அவரை உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். அக்கா ஒரு இரவு நித்திரை கொண்டார் என்றால் அது அவருக்கும் நிம்மதிதான்.

ஆனால் அந்த வீட்டுக்காரரை நினைத்தால்தான் பயம்.

மிஸ்டர் ஹொலிஸ் எழுபதைத் தாண்டிய தனிக்கட்டை. பத்து வருடமாகப் பக்கத்து வீடு. இவ்வளவு காலத்தில் அவர் பாலேந்திராவோடு பேசியது ஒரேயொரு சொல். “பின்!” அதாவது குப்பை வாளி. அதைப் பிழையான பக்கத்தில் வைத்ததற்கு ஜன்னலுக்குள் இருந்து கத்தியது. அன்றிலிருந்து பாலேந்திரா வாளியை அளந்து வைப்பார். மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். ஹொலிஸின் கதவில் இலக்கத் தகடுகூட இல்லை, எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. ஒரு குருவியும் தன்னைத் தேடி வரக்கூடாதென்றே கிழவர் அதைத் திருப்பிப் பூட்டாமல் விட்டிருக்கிறார் என்பது பாலேந்திரா கண்ட ஆராய்ச்சி முடிவு. இப்போது கொடியும் ஏற்றியாயிற்று. பெற்றோல் செற்றில் ‘உன் நாட்டுக்குப் போ’ என்று கேட்டுப் பழகிய காதுகள் அவருடையவை. எந்தக் கொடி ஆடினாலும் தன்னைப் பார்த்துத்தான் ஆடுகிறது என்று நினைப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா முழுகி, நல்ல சீலை உடுத்து வந்து நின்றார்.

“தம்பி, என்னை அங்கை கூட்டிக்கொண்டு போங்கோ. காலைக் காட்டோணும்.”

“அது வந்தக்கா... அப்பொயின்மென்ற் எடுக்கோணும்.”

“போய்க் கேட்டு எடுங்கோவன். நாலடி தூரம்.”

“எடுக்க ஏலாது.” ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. “அது இங்கிலிஸ்காரருக்கு மட்டும் உள்ள ஆஸ்பத்திரி.”

அக்காவின் முகம் மாறியது.

“சிவப்புச் சிலுவைக்காரர் ஆமியெண்டு பாக்கேல்லை, இயக்கமெண்டு பாக்கேல்லை, எல்லாருக்கும் மருந்து கட்டினவை. இஞ்சை மட்டும் ஆள் பாத்தோ கட்டுவினம்? உங்களுக்கு ஆரோ பிழையாய்ச் சொல்லிப்போட்டினம்.”

பாலேந்திரா உண்மையின் நுனியை மட்டும் மெல்ல நீட்டிப் பார்த்தார். “ஒருவேளை அக்கா, அது ஆஸ்பத்திரிக் கொடி இல்லாமல் இந்த நாட்டுக் கொடியாயும் இருக்கலாம்தானே?”

அக்கா சிரித்தே விட்டார்.

“ஆருக்குச் சொல்லுறியள்? ராணியின்ர முடிசூட்டுக்கு எங்கட பள்ளிக்கூடத்தில கடதாசிக் கொடி தந்து ஆட்ட வைச்சவை. ஒரு துண்டு கற்கண்டும் தந்தவை. அதில நீலம் இருக்கும், குறுக்கும் மறுக்குமாய்க் கோடிருக்கும். இங்கிலிஸ்காரன்ர கொடி எனக்குத் தெரியாதே? நீங்கள் இஞ்சை வந்து பத்து வருசம். அவங்கள் எங்கட ஊரில இருந்தது நூற்றைம்பது வருசம்.”

பாலேந்திரா வேலைக்குப் போனார். பெற்றோல் செற்றில் கூட வேலை செய்யும் பெனடிக்ற்றைப் பிடித்துக் கேட்டார். அவன் குருநகர் ஆள், வேதக்காரன். சிலுவைச் சங்கதி அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

“அது புனித ஜோர்ஜியாரின்ர கொடி அண்ணை. குதிரையில இருந்து நாகத்தைக் குத்துறவர். இங்கிலாந்துக்கு மட்டும் அது. நீலம் உள்ளது, ஸ்கொட்லாந்துக்காரர் மற்றாக்களையும் சேத்துத் தைச்ச கொடி.”

“அப்ப நாங்கள் எந்தக் கொடிக்குக் கீழ?”

“பாஸ்போட் எடுத்திட்டியள்தானே? நீலத்துக்குக் கீழ. பிரிட்டிஷ் ஆகிறதுக்கு ஹோம் ஒபிஸ் இருக்குது. இங்கிலிஸ் ஆகிறதுக்கு ஒரு ஒபிசும் இல்லை.”

“அந்த ஜோர்ஜியார் இஞ்சத்தைய ஆளோ?”

“எங்க! துருக்கிப் பக்கம் எண்டு சுவாமியார் சொன்னவர். இந்த மண்ணை மிதிச்சதே இல்லையாம்.”

“மிதிக்காதவருக்குக் கொடி” என்றார் பாலேந்திரா. “நான் பத்து வருசமாய் மிதிக்கிறன். குப்பை வாளி வைக்கவே பயமாயிருக்கு.”

பெனடிக்ற் சிரித்தான். பாலேந்திராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அக்காவைக் காணவில்லை. மாடியில் இல்லை, குசினியில் இல்லை, பொந்துக்குள் குடைகள் மட்டும் இருந்தன. அட கடவுளே என்று பாலேந்திரா வாசலுக்கு ஓடவும் ஹொலிஸின் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. உள்ளேயிருந்து அக்கா வந்தார். கையில் வெறும் ரசச் சட்டி.

“தங்கமான டொக்டர், தம்பி.”

“டொக்டரோ...”

“கதவைத் தட்டினவுடனை திறந்தார். என்னைக் கண்டதும் அப்பிடியொரு சிரிப்பு, கனகாலமாய் எதிர்பாத்துக்கொண்டிருந்தவர் மாதிரி. காலைக் காட்டினன். ஏதோ இங்கிலிசில இரங்கிச் சொல்லி, முக்காலி இழுத்து, தலகணி வைச்சு, அதில காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். தேத்தண்ணி ஊத்தித் தந்தார். ஒரு மணித்தியாலம் அப்பிடியே இருந்தன். வேற நோயாளியள் ஒருத்தரும் இல்லை. பாவம், டொக்டருக்கே இடுப்புச் சரியில்லை, கெந்திக் கெந்தித்தான் நடக்கிறார்.”

“கோவமாய் ஒண்டும் சொல்லேல்லையே?”

“ஏன் கோவிக்கிறார்? தங்கச்சி தந்த காசை நீட்டினன். வேண்டாமெண்டு கையைத் தள்ளிப்போட்டு ஒரு அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளுக்குத் தும்புத்தடி, வாளி, துணியெல்லாம் இருந்தது. எனக்கு விளங்கியிட்டுது. காசில்லாதவை இப்பிடி உதவி செய்யிறதாக்கும் இஞ்சத்தைய முறை. கூட்டித் துடைச்சு, கோப்பையளையும் கழுவி வைச்சிட்டு வந்தனான். அரசாங்க ஆஸ்பத்திரியெண்டாலும் சும்மா வாறதே? ரசமும் குடுத்தனான். கண்ணால தண்ணி ஓடினது, ஆனால் முழுக்கக் குடிச்சவர். நாளைக்கும் வரச் சொன்னவர்.”

“அவர் இங்கிலிசில சொன்னது உங்களுக்கு எப்பிடியக்கா விளங்கினது?”

“டொக்டர்மார் வேறயென்ன சொல்லுறவை?”

கிழவர் இதை இன்றைக்கு வயது போன மனுசி என்று பொறுத்துக்கொண்டிருக்கலாம். நாளைக்கும் பொறுப்பாரா? ஒருநாள் பொலிசைக் கூப்பிட்டால், சீருடையைக் கண்ட அக்கா அந்தப் பொந்தை விட்டு ஆயுளுக்கும் வெளியே வரமாட்டார். போய் மன்னிப்புக் கேட்பது என்றாலும், ‘பின்’ என்று ஒரு சொல் மட்டும் பேசிய மனிதரிடம் எந்தச் சொல்லில் தொடங்குவது?

அவர் யோசித்துக்கொண்டிருக்க, அக்கா ஒவ்வொரு நாளும் போனார். போன கையோடு புண்ணும் ஆறத் தொடங்கியது. வீக்கம் வற்றி, விளிம்பில் புதுத் தோல் வந்தது. இரவில் கட்டிலில் குறட்டைச் சத்தம் கேட்டது. சிவனேஸ்வரி அந்தக் குறட்டையை வாசலில் நின்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள். இதற்குமேல் யார் என்ன சொல்ல?

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பாலேந்திராவுக்கு ஒரு யோசனை வந்தது. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டவனுக்கும் முதலில் அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியிருக்கும்.

குரொய்டன் சந்தைக்குப் போய் அவரும் ஒரு கொடி வாங்கினார். ஹொலிஸின் கொடியைவிடப் பெரிது. தன் வீட்டு முன் ஜன்னலில் கட்டினார்.

“ஒரு கல்லில ரெண்டு மாங்காய்” என்று மனைவிக்கு விளக்கினார். “அவரின்ர கொடிக்கு நாங்களும் மரியாதை குடுக்கிறம் எண்டு மனுசன் சந்தோசப்படும். அக்காவுக்கும் எங்கட வீடே பாதுகாப்பெண்டு ஒரு துணிவு வரும். பேந்து அங்கை போகவேண்டியதில்லை.”

சிவனேஸ்வரி குசினிக்குப் போனாள். இருபது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இவருடைய மாங்காய்கள் எங்கே போய் விழும் என்று தெரியும்.

கொடி ஏறிய கொஞ்ச நேரத்தில் மிஸ்டர் ஹொலிஸ் ஜன்னலுக்கு வந்தார். பார்த்தார். பிறகு பொல்லை ஊன்றிக்கொண்டு கேற்வரை வந்து, பாலேந்திராவின் கொடியையும் தன் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சுண்டிப்போக, தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“பாத்தீரே முகத்தை? தன்ர கொடியில நான் கை வைச்சிட்டன் எண்டு கோவம்” என்றார் பாலேந்திரா. அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் கதவு தட்டும் சத்தம். அடுத்த தெருப் பத்மநாதன், மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இருமியபடி நின்றார்.

“என்ன பாலேந்திரா, தமிழ் டிஸ்பென்சரி திறந்திட்டியள், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?”

“டிஸ்பென்சரியோ?”

“கொடியைக் கண்டுதான் வந்தனான். நல்ல காரியம். எங்கட சனத்துக்கு இஞ்சத்தைய டொக்டரோட கதைக்கிறதே கஷ்டம்.”

இருமுகிற மனிதரை எப்படிச் சும்மா அனுப்புவது? சிவனேஸ்வரி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். அதுதான் வந்த வினை. பத்மநாதனின் இருமல் மறுநாளே நின்றுவிட்டது. பத்மநாதனுடைய வாயோ நிற்கவில்லை. நோர்பரியிலிருந்து சந்திரவதனா தன் புருஷனைப் பிரஷர் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தாள். தவநாயகி மாமி ஜாம் போத்தல் ஒன்றைச் சேலைத் தலைப்பால் மூடிப் பவ்வியமாகக் கொண்டுவந்து, “விடிய எடுத்தது, சூடு ஆறுறதுக்குள்ள பாருங்கோ” என்று பாலேந்திராவின் கையில் கொடுத்தார். எல்லாரும் அந்த வருடங்களில் அங்கேயிருந்து வந்தவர்கள். வெள்ளையில் சிவப்புச் சிலுவை கண்டால் அவர்களுக்குப் பந்தடியா ஞாபகம் வரும்?

புதன்கிழமை காலை வாசலில் வரிசை நின்றது. பாலேந்திராவுக்கு அன்று ஓய்வு நாள். இது டிஸ்பென்சரி இல்லை, இல்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார். டொக்டர் எப்ப வருவார் என்று அவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் ஹொலிஸ் வீட்டிலிருந்து அக்கா வந்தார். வரிசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“தம்பி, இஞ்சை டொக்டர் இருக்கிறாரோ?”

“இல்லையக்கா.”

“மருந்து?”

“கொத்தமல்லி.”

“அப்ப ஏன் அந்தக் கொடி?”

பாலேந்திரா கொடியை நிமிர்ந்து பார்த்தார்.

“பொய்யாய்ச் சிலுவை போடக்கூடாது, தம்பி” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. “ஒருத்தன் பொய்யாய்ப் போட்டால், மேலயிருந்து பாக்கிறவன் பேந்து ஒண்டையும் நம்பமாட்டான். உண்மையான ஆஸ்பத்திரிக்கும் அடிப்பான். அதையும் நாங்கள் பாத்திட்டம்தானே.”

வரிசையில் ஒருவரும் இருமவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த பத்மநாதன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சந்திரவதனாவின் புருஷன் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். தவநாயகி மாமி வந்து போத்தலைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் எல்லாரும் கலைந்து போனார்கள். பாலேந்திராவுக்கு வெட்கமாக இருந்தது. தன் பயத்துக்குக் கட்டிய துணி மற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய நம்பிக்கையாகப் போய்விட்டது!

கொடியை இறக்கினார். இறக்கி மடித்துக்கொண்டு நிமிர்ந்தால், பக்கத்து ஜன்னலில் மிஸ்டர் ஹொலிஸ். கிழவர் முகம் முழுக்கச் சிரிப்பு. பெருவிரலை உயர்த்தி வேறு காட்டினார்.

அப்போதுதான் பாலேந்திராவுக்கு உறைத்தது. அன்று பின்னேரம் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் அரை இறுதி. நாடு முழுக்கக் கொடி ஏறிக்கொண்டிருக்கிற நாளில் ஊரில் ஒருத்தன் மட்டும் இறக்கியிருக்கிறான், அதுவும் யார் கண் முன்னால்!

“அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பில்லை” என்றார் மனைவியிடம். “ ‘இரடா, வெல்லட்டும் பாப்பம்’ எண்ட சிரிப்பு.”

இங்கிலாந்து வெல்லவில்லை. பெனால்ரியில் தோற்றது. தெருவே செத்த வீடுபோலக் கிடந்தது.

“சிவனேஸ், நான் கொடி இறக்கினதாலதான் தோத்ததெண்டு அந்தாள் நினைப்பாரோ?”

“ஓம், ஜெர்மன்காரன் உங்களைக் கேட்டுத்தானே பந்து அடிச்சவன். பேசாமல் படுங்கோ.”

விடியக்காலை ஷிப்டுக்கு வெளிக்கிட்ட பாலேந்திரா, வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். மிஸ்டர் ஹொலிஸ் ஜன்னலில் தன் கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது. கொடி போனால் ஆஸ்பத்திரி போனது. அங்கே பெரியாஸ்பத்திரி எழும்பி இடம்பெயர்ந்ததைக் கண்ட பிறகுதான் அக்காவும் பையைத் தூக்கியவர். இதைக் கண்டால் மறுபடியும் பொந்துதான், குடைதான், மடக்கிய கால்தான். ஆறி வருகிற புண்ணை நினைத்தார். வாசலில் நின்று குறட்டையைக் கேட்டுக் கண் துடைக்கும் சிவனேஸ்வரியை நினைத்தார். பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியாமல், பத்து வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினார்.

“மிஸ்டர் ஹொலிஸ்! தயவு செய்து இங்கிலாந்துக் கொடியை இறக்காதீர்கள்!”

அவருடைய பாட்டன்மார் எல்லாரும் வெள்ளைக்காரனைக் கொடியை இறக்கச் சொல்லிக் கேட்டவர்கள். பேரன் இறக்காதே என்று கெஞ்சிக்கொண்டு நின்றார்.

கிழவர் ஜன்னலை விட்டு மெல்ல நடந்து வந்து கதவைத் திறந்தார். கையில் கொடி தொங்கியது. “ஏன்?” என்றார். இரண்டாவது சொல்.

ஏன் என்று எப்படிச் சொல்வது? பொம்மரில் தொடங்குவதா, பொந்தில் தொடங்குவதா? பாலேந்திரா விழித்துக்கொண்டு நிற்கையில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கனகாம்பிகை அக்கா ரசச் சட்டியோடு வந்துகொண்டிருந்தார்.

அக்கா கொடியற்ற தடியைப் பார்த்தார். ஹொலிஸின் கையிலிருந்த துணியைப் பார்த்தார். நேரங்கெட்ட நேரத்தில் தலைக்கு மேலே ஒரு விமானமும் இரைந்துகொண்டு வந்தது.

“ஊத்தையாய்ப் போச்சு” என்றார் அக்கா. “தோய்க்கத்தானே கழட்டினவர்? தாங்கோ இஞ்சை.” துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அக்கா... கொடி இல்லாட்டிப் பயமில்லையோ?”

“டொக்டர் இஞ்சதானே தம்பி நிக்கிறார். டொக்டர் ஓடாத வரைக்கும் ஆஸ்பத்திரி ஓடாது.”

செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு உள்ளே போனார். விமானம் கூரைக்கு மேலாக முழங்கிக்கொண்டு போயிற்று. அக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பாலேந்திராவுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருடமாகத் தான் எந்த மனிதருக்குப் பயந்து செத்தாரோ அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நன்றி, மிஸ்டர் ஹொலிஸ். மிகவும் நன்றி. நேற்றுத் தோற்றுப் போனதற்கு நானும் வருந்துகிறேன்.”

“யார் தோற்றது?”

“இங்கிலாந்து. பந்தாட்டத்தில்.”

“அப்படியா? நான் பந்தாட்டம் பார்ப்பதில்லையே.”

“அப்படியானால் இந்தக் கொடி?”

மிஸ்டர் ஹொலிஸ் இலக்கம் இல்லாத தன் கதவைப் பொல்லால் தட்டிக் காட்டினார். “கவுன்சில் அனுப்புகிறவர்கள் எல்லாம் வீடு தெரியாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதனால்தான், சிவப்புச் சிலுவைக் கொடி பறக்கிற வீடு என்று போனில் சொன்னேன். நீங்களும் அதே கொடியைக் கட்டியபோது, வருகிற ஆள் வீடு மாறிவிடுவாரோ என்று பயந்தே போனேன். நல்ல வேளை, இறக்கிவிட்டீர்கள். இனி எனக்கும் அது தேவையில்லை, அவருக்குத்தான் வழி தெரியுமே.”

“யாருக்கு?”

உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மிஸ்டர் ஹொலிஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பாலேந்திராவின் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டு வேலைக்கு உதவியாள் கேட்டு இரண்டு வருடம் கெஞ்சியபிறகு கவுன்சில் அனுப்பிய அம்மா இவர், உங்கள் வீட்டுக்கும் இவர்தான் வருகிறார் போல, வேலை தொடங்குமுன் ஒரு மணி நேரம் காலை நீட்டிக்கொண்டு தேநீர் குடிப்பதை மட்டும் கவுன்சிலுக்குச் சொல்லிவிடாதீர்கள், வேறு ஆளை மாற்றிவிடுவார்கள்.”